சாவி கொடுத்தவள்

வேலை முடிந்து வந்து அவள் காரை நிறுத்தியபோது, குடியிருப்பின் வாசலில் கணவனும் அவனுடைய அக்காவும் கிளம்பத் தயாராக நின்றிருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமாம். கொண்டுவந்த பெட்டியில் இங்கே வாங்கிக் குவித்தது அடங்கவில்லை. அவள் கார்க் கதவைச் சாத்துவதற்குள் கணவன் உள்ளங்கையை நீட்டினான்.

"சாவி."

"நானே ஓட்டறேனே. கடை பக்கத்துலதானே இருக்கு."

"காலைலேர்ந்து ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கே. பேசாம பின்னால உக்காந்து வா."

கேட்பவர்களுக்கு அது அக்கறை மாதிரிதான் இருக்கும். அக்கா வந்ததிலிருந்து அவன் பேச்சுக்கு இப்படி ஒரு மெருகு ஏறியிருந்தது. விருந்தாளி வந்தால் சோபாவில் விரிக்கும் துணி மாதிரி. கீழே இருக்கும் கிழிசல் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

"குடேம்மா, அவன் ஓட்டட்டும்" என்றாள் அக்கா. "ஆம்பளை பக்கத்துல பொம்மையாட்டம் உக்காந்திருக்க, நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு வர்றது பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நம்ம ஊருல இவன் ஓட்டாத ரோடா?"

"பதினெட்டு வருஷம், அக்கா. வண்டியில ஒரு கீறல் கிடையாது" என்றான் அவன்.

ஊரில் விற்றுவிட்டு வந்த வண்டியின் இடதுபக்கக் கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அவள் சொல்லவில்லை. அவள் பெரும்பாலும் சொல்வதில்லை. திருமணமான புதிதில் அந்த மௌனத்தை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான், பிறகு சம்மதம் என்று. இப்போதெல்லாம் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டான்.

அவன் இந்த நாட்டில் கார் ஓட்டக் கூடாது. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. சொந்த நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓர் ஆண்டு ஓட்டலாம். குடியிருப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து அந்த ஆண்டு தொடங்கும். அது முடிந்தால் எழுத்துத் தேர்வு எழுதி, அதிகாரியை அருகில் உட்காரவைத்துச் சாலையில் ஓட்டிக் காட்டி, இந்த நாட்டு உரிமம் வாங்க வேண்டும். அவனுடைய ஓர் ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கைப்பேசி உறை விற்கும் ஒருவர் அவனுக்கு நண்பராக இருந்தார். நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் சட்டம் பேசுவதால் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகும் என்பது வக்கீலின் தீர்ப்பு. கணவன் சித்தப்பா மகள் திருமணத்துக்குப் போய் வந்திருந்தான். போதாதா?

"டிரைவிங் புத்தகத்துல அப்படி இல்லைங்க" என்று அவள் ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

"புத்தகம் எழுதினவனுக்கு வக்கீலைவிட அதிகமாத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவன் குளிக்கப் போனான். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் குளிக்கவும் முடிகிறதே என்று அவள் கொஞ்ச நேரம் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் உரிமம் வாங்கினாள். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறினாள். திரும்புமுன் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது, கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சமையலறையில் நின்று கழுத்தைத் திருப்பிப் பழகினாள். அவன் வாசலில் சாய்ந்துகொண்டு, "கோழி மாதிரி இருக்கே" என்றான். கார் ஓட்டப் பரீட்சை எழுதவைக்கும் நாடு உருப்படாது என்றும் சொன்னான். அவள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லாமல் இவர்கள் மூவரில் யாருக்கும் இந்த நாட்டில் தங்க இடமில்லை. அவனுடைய குடியிருப்பு அனுமதியே அவளுடைய வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டான்.

இத்தனையும் தெரிந்துதான் அவள் சாவியைக் கொடுத்தாள். மறுத்தால் அக்கா ஊருக்குத் திரும்பும் வரை வீட்டில் அந்தப் பேச்சு புகைந்துகொண்டே இருக்கும். கால் வலித்தது. சாவி அவன் உள்ளங்கையில் விழுந்த சத்தம் அவளுக்கு மிக அற்பமாகக் கேட்டது.

ரோடு தெரிய வேண்டும் என்று அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

இந்த நாட்டில் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம். வண்டிகள் போவதும் எதிர்ப்பக்கம். முதல் திருப்பத்தில் அவன் இண்டிகேட்டர் போடக் கையை நீட்டினான், வைப்பர் ஓடியது. பளிச்சென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடியின் மேல், அது கிறீச் கிறீச் என்று ஆடியது.

"என்னடா இது, மழையா வருது?" என்றாள் அக்கா.

"கண்ணாடி அழுக்கா இருந்திச்சு" என்றான் அவன், கூசாமல்.

அடுத்த திருப்பத்திலும் கண்ணாடி அழுக்காகத்தான் இருந்தது. பின்னிருக்கையில் அவளுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகின துணை. இத்தனை நாளும் அவனோடு அவளை வாழவைத்தது அன்பு என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டதில்லை. இந்த உள்ளுக்குள் சிரிக்கும் சிரிப்புதான்.

கடைத்தெருவுக்கு முந்தின சாலையில் இவர்களுக்கு முன்னால் ஒரு சின்ன சாம்பல் நிறக் கார் போய்க்கொண்டிருந்தது. பாதசாரிகள் கடக்கும் கோடுகளுக்குப் பக்கத்தில், நடைபாதையில், ஒரு நெட்டை மனிதர் நாயோடு நின்றிருந்தார். அவர் சாலையில் கால் வைக்கவில்லை. கை தூக்கவில்லை. சும்மா நின்றார். சாம்பல் நிறக் கார் நின்றது.

இவன் நிற்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவை மிதித்தது போல. அக்காவின் கைப்பை காலடியில் விழுந்து சீப்பும் சில்லறையும் சிதறின. வைப்பர் மட்டும் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னுக்கிட்டுதானே இருக்கான்!" என்று கணவன் கத்தினான். "ரோட்டுல காலைக்கூட வைக்கலையே! நிக்கறவனுக்கெல்லாம் பிரேக் போடுவாளா ஒருத்தி? பைத்தியமா அவ?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அவர்கள் பிறந்து வளர்ந்த இடத்தில், சாலை ஓரத்தில் நிற்கும் மனிதன் சாலை ஓரத்தில் நிற்கும் மனிதன்தான். அவனுக்காக யாரும் நிற்பதில்லை. அவனும் எதிர்பார்ப்பதில்லை. வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து, கையைக் காட்டிக்கொண்டே நுழைந்து போவான். இங்கே அப்படி ஒருவர் நின்றாலே சாலை நின்றுவிட வேண்டும். புத்தகத்தில் அதற்குப் படம் போட்டிருந்தார்கள். பதினெட்டு வருட அனுபவம் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

அவள் இறங்கி முன்னால் ஓடினாள். சாம்பல் நிறக் காரில் குட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு பெண்மணி கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கழுத்தை அசைக்க வேண்டாம் என்று சொன்னாள். விரல்கள் மரத்திருக்கின்றனவா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை, வலி மட்டும்தான் என்றார் அவர்.

"போலீசுக்குச் சொல்லிவிட்டேன்" என்றார் பிறகு, கோபமே இல்லாத குரலில். "அந்த மீசைக்காரர் எங்கே பார்த்துக்கொண்டு ஓட்டினார்? கண்ணாடியில் பார்த்தேன். அருகில் இருந்தவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்."

நாய்க்காரரும் போகாமல் நின்றிருந்தார். சாட்சி சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நின்றார்.

அவள் திரும்பி வந்து பார்த்தபோது ஸ்டியரிங்குக்கு முன்னால் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. அக்கா பின்னிருக்கைக்குப் போயிருந்தாள். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் கணவன். பெல்ட் வேறு போட்டிருந்தான். ஓட்டும்போது போட்டிருந்தானா என்று அவளுக்கு நினைவில்லை.

"ஏறு சீக்கிரம். வந்துடுவாங்க."

"எங்க ஏறணும்?"

"இங்கதான். உன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் உன் பேர்ல இருக்கு. நீ ஓட்டினதாச் சொல்லிட்டா அவங்க பணத்தைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. முடிஞ்சுது கதை."

"அந்தம்மா உங்களைக் கண்ணாடியில பாத்திருக்காங்க. நாயோட நிக்கறாரே, அவரும் பாத்தார்."

"இவங்களுக்கு நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே மூஞ்சிதான். யார் யாருன்னு தெரியவா போகுது?"

"மீசை கூடவா?"

அவன் கை தானாக மேலுதட்டுக்குப் போய் வந்தது. அக்கா பின்னாலிருந்து சீறினாள்.

"கிண்டல் பண்ற நேரமா இது? ஏம்மா, ஒரு வார்த்தைதானே? நான் ஓட்டினேன்னு சொல்றதுல உனக்கு வாய் நோகுமா? கட்டினவன் ஸ்டேஷன்ல போய் நின்னா உனக்குப் பெருமையா?"

"அண்ணி, இவருக்கு இங்க ஓட்ட அனுமதி இல்ல. ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு."

"அனுமதி இல்லையா?" அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "சரி, அதனாலதானே உன்னைச் சொல்லச் சொல்றான்!"

தம்பியைக் கண்டிப்பாள் என்று அந்த ஒரு நொடியில் நம்பிவிட்டதற்காக அவளுக்குத் தன்மேல்தான் எரிச்சல் வந்தது.

"நான் லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகல. அதுவரைக்கும் என்னைச் சோதனையிலதான் வெச்சிருக்காங்க. போலீஸ்ல பொய் சொன்னேன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போச்சு. அது போனா வேலை போச்சு."

"வேலை, வேலை! என்மேல கேஸ் வந்தா மட்டும் பரவாயில்லையா உனக்கு?" என்றான் அவன்.

"ஓட்டினது நீங்க."

"சாவியைக் குடுத்தது யாரு?"

அவன் வாழ்க்கையில் சட்டப்படி சரியாகக் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுப்பவரும் குற்றவாளி. அதுவும் புத்தகத்தில் இருந்தது. பொய் சொல்லி மாட்டினால் எல்லாம் போகும். உண்மையைச் சொன்னாலும் சில மாதங்களுக்காவது உரிமம் போகும், வேலையும் அதோடு போகலாம். பொய் நிற்கும் என்றால் மட்டும் எதுவும் போகாது. நிற்காத பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் காரில் ஏறவில்லை. நடைபாதையில் நின்றாள். அவர்கள் இருவரும் உள்ளே, அவள் வெளியே. அக்கா ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு பக்கத்து வீட்டு வானொலி போல அவளைத் தாண்டிப் போனது. காலியான ஓட்டுநர் இருக்கையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் ஓட்டக் கூடாது என்று தெரிந்தும் ஏன் கொடுத்தோம்? பயமா? இல்லை. இவனிடம் அவள் பயந்ததே இல்லை. ஒருவரை மட்டமாக நினைத்துவிட்டால் அவரைத் தடுக்கும் வேலை மிச்சம் என்று இத்தனை காலம் இருந்துவிட்டாள். வைப்பர் ஆடியபோது சிரித்தாளே, அப்போதே நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கலாம். சிரிப்பதற்கு வசதியாக உட்கார்ந்து வந்தாள். முன்னால் ஒரு பெண்மணி கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போலீஸ்காரர் வந்தார். சின்ன வயசு, ஒல்லி. முதலில் நரைமுடிப் பெண்மணியிடம் பேசினார். பிறகு நாய்க்காரரிடம். நாய்க்காரர் இவர்கள் காரைக் காட்டி ஏதோ சொல்லி, தன் மேலுதட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அது காருக்குள் இருந்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் போலீஸ்காரர் நெருங்கியபோது அவன் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன் போலச் சிரித்துக்கொண்டு இறங்கினான். இந்த நாட்டையும் இந்த நாட்டுக்காரர்களையும் வீட்டுக்குள் அவன் அழைக்கும் பெயர்களை அவள் அறிவாள். வெளியே ஒரு சீருடையைப் பார்த்தால் அவனுடைய முதுகு தானாக வளையும்.

"வண்டியை ஓட்டியது நீங்களா?" என்று போலீஸ்காரர் அவனைக் கேட்டார்.

இந்த நாட்டு மொழியில் அவனுக்குக் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். "மனைவி" என்றான், விரலால் அவளைக் காட்டி. "மனைவி, மனைவி."

போலீஸ்காரர் நிதானமாக, நீளமாக ஏதோ கேட்டார். சாட்சிகள் வேறு மாதிரி சொல்கிறார்கள், யோசித்துப் பதில் சொல்லுங்கள், பொய்யான வாக்குமூலம் தனிக் குற்றம் என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு பணிவோடு, அவள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்:

"என்ன மரம் மாதிரி நிக்கறே? நீதான் ஓட்டினேன்னு சொல்லு. அந்தக் கிழவிக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு. இந்தப் பொடியன் என்னத்தைக் கண்டான், நம்பிடுவான்."

பேசி முடித்து போலீஸ்காரருக்கு ஒரு தடவை தலையையும் அசைத்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று போலீஸ்காரர் அவளைக் கேட்டார்.

இந்த நாட்டில் அவன் பேச வேண்டிய எல்லா இடத்திலும் அவள்தான் அவனுக்கு நாக்கு. வங்கியில், மருத்துவரிடம், வீட்டுக்காரரிடம். அவன் வங்கி ஊழியரைக் கழுதை என்பான், அவள் "கொஞ்சம் விளக்க முடியுமா என்று கேட்கிறார்" என்பாள். வீட்டுக்காரரைப் பிச்சைக்காரன் என்பான், அவள் "உங்கள் சிரமம் புரிகிறது என்கிறார்" என்பாள். இந்தக் கடைத்தெருவில் அவனுக்கு நல்ல மனிதன் என்று ஒரு பெயர் இருந்தது. அது முழுக்க முழுக்க அவள் தைத்துப் போட்ட சட்டை. அவனே அதைத் தன் தோல் என்று நம்பத் தொடங்கியிருந்தான்.

அவள் போலீஸ்காரரைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார்.

"என்ன மரம் மாதிரி நிற்கிறாய்" என்று அவள் அந்த நாட்டு மொழியில் தொடங்கினாள். "நீதான் ஓட்டினாய் என்று சொல். அந்தக் கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று சொல். இந்தப் பொடியன் என்னத்தைக் கண்டான், நம்பிவிடுவான். இதுதான் அவர் சொன்னது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இப்படியேவா சொன்னார்?"

"இப்படியே."

"நீங்கள் ஓட்டினீர்களா?"

"இல்லை. அவர்தான் ஓட்டினார்." கேட்காததையும் அவள் சொன்னாள். "சாவியைக் கொடுத்தது நான். அவர் இங்கே ஓட்டும் காலம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்."

போலீஸ்காரர் எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்துக் கணவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஆமாம், ஆமாம்" என்றான் அந்த நாட்டு மொழியில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது. இன்னும் ஒரு தடவை, அழுத்தமாக, "ஆமாம்."

போலீஸ்காரர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு அவளை. "நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்ததா?"

"இல்லை."

கணவன் அவள் தோளில் தட்டினான். "பாத்தியா? எவ்வளவு சுலபம்! இதுக்குப் போய் அத்தனை அலட்டல்." காருக்குள் குனிந்து, "அக்கா, முடிஞ்சுது" என்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்டா. வாய் கொஞ்சம் துடுக்கு, ஆனா நல்ல பொண்ணு. உன்னை விட்டுக்குடுப்பாளா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர்களை அப்படியே விட்டுவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. அவர்களாகவே தெரிந்துகொள்ளட்டும். தான் ஒதுங்கி நின்று பார்க்கலாம். அந்தப் பழைய சிரிப்பு உதட்டோரம் வரைக்கும் வந்து நின்றது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க சொன்னதை நான் அப்படியே சொல்லிட்டேன்" என்றாள். "பொடியன்னு சொன்னது உட்பட. ஓட்டினது நீங்கன்னு சொல்லிட்டேன். சாவி நான் குடுத்தேன்னும் சொல்லிட்டேன். உங்க லைசென்ஸைக் கேப்பார். எடுங்க."

அவன் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு பர்ஸை எடுத்தான். உள்ளிருந்து இழுத்ததில் உரிம அட்டை கீழே விழுந்தது. போலீஸ்காரரே குனிந்து எடுத்து, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அட்டையில் இருந்த இளைஞனுக்கும் மீசை இருந்தது. "சார்... சார்..." என்றான் கணவன், இரண்டு கையையும் கூப்பி. மேற்கொண்டு எந்த மொழியிலும் அவனுக்கு எதுவும் வரவில்லை. கூப்பின கையை எப்போது இறக்குவது என்றும் தெரியவில்லை.

"கூடவே இருந்து கழுத்தை அறுத்திட்டியேடி" என்றாள் அக்கா காருக்குள்ளிருந்து. "வெளியாளுகிட்ட கட்டினவனைக் காட்டிக் குடுத்திட்டியே. நீயெல்லாம் ஒரு..."

"அண்ணி, கீழ சில்லறை கிடக்கு பாருங்க. வண்டியை இழுத்துக்கிட்டுப் போகப் போறாங்க. எடுத்துக்குங்க."

அக்கா வாயை மூடிக்கொண்டு, குனிந்து சில்லறையைத் தேடத் தொடங்கினாள்.

போலீஸ்காரர் அவளுடைய உரிமத்தையும் வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும் வரை ஓட்டக் கூடாது, கடிதம் வரும், நீங்கள் எதையும் மறைக்காமல் சொன்னதை எழுதியிருக்கிறேன், அது உதவுமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அவள் நன்றி சொன்னாள். நரைமுடிப் பெண்மணியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கூடப் போய்க் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கணவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "வக்கீலுக்கு ஒரு போன் போடறேன்" என்றான் யாரிடமோ. யாரும் பதில் சொல்லாததால் போடவில்லை.

அவள் சற்றுத் தள்ளிப் போய் நின்று, தன் மேற்பார்வையாளரைக் கைப்பேசியில் அழைத்தாள். நாளை முதல் தன்னால் கார் ஓட்ட முடியாது என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டார் மேற்பார்வையாளர். இல்லை என்றாள், ஏன் என்பதையும் சொன்னாள், எதற்கும் மெருகு போடாமல். இது கஷ்டம், மேலே பேசிப் பார்க்கிறேன், எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

"தெரியும்" என்றாள் அவள். "காலையில் முதல் வீட்டுக்கு யாரையாவது அனுப்பிவிடுங்கள். மாடியில் இருக்கிற பெரியவர், குதிகாலில் புண். பழைய கட்டைத் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். போன வாரம்தான் தோல் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது."